குடை விரிக்கும் கிழங்குகள்

இங்கிலாந்தின் பல பகுதிகளில் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ முதல் உறைபனி விழும். வெப்பநாட்டுச் செடிகளின் மேல் பிரியம் வைத்த தோட்டக்காரர்கள் மறுநாளே மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். கருகித் தொங்கும் இலைக்காம்பை வெட்டிவிட்டு, கிழங்கில் காயம் படாமல் சுற்றிலும் தோண்டி எடுப்பார்கள். மண்ணை உதிர்த்து, ஈரம் போகக் காயவைத்து, பழைய செய்தித்தாளிலோ உலர்ந்த மரத்தூளிலோ பொதிந்து, பனி அண்டாத ஓர் அறையில் வைப்பார்கள். அடுத்த மார்ச், ஏப்ரல் வரை அதற்குத் தண்ணீர் கிடையாது, வெளிச்சமும் வேண்டாம். இத்தனை பரிவுக்கும் உரிய அந்தக் கிழங்குகள் பெரும்பாலும் தஞ்சாவூர்க்காரர்கள் நாள்தோறும் காய்கறிக் கடையில் பார்ப்பவைதாம். சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு, அவற்றின் பங்காளிகள்.

அங்கே யாரும் இவற்றைத் தின்பதற்காக வளர்ப்பதில்லை. இலைக்காகவே வளர்க்கிறார்கள். ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் புள்ளிபோட்ட காம்பு, அதன் உச்சியில் குடை விரித்ததுபோல் ஒரே ஓர் இலை. குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது நிற்கும் நான்கு மாதங்களுக்காக எட்டு மாதம் அந்தக் கிழங்கைக் காவல் காக்கிறார்கள்.

காவிரிக் கழிமுகத்தில் அதே செடிகளுக்குக் காவலும் இல்லை, கவனிப்பும் இல்லை. வாய்க்கால் கரையில் சேம்பு தானாகவே அடர்ந்து கிடக்கிறது. கிணற்றடித் தண்ணீர் ஓடி வடியும் கொல்லை மூலையில் வாழையும் சேம்பும் சேர்ந்து நிற்காத பழைய வீடு கிராமத்தில் அரிது. படுகை நிலங்களில் வாழைக்கும் வெற்றிலைக்கும் பக்கத்தில் சேனைக்கும் இடம் உண்டு. இந்த உறவு நேற்று வந்ததில்லை. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை, சோழநாட்டு வளத்தைச் சொல்லும்போது தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, இஞ்சி ஆகியவற்றோடு சேம்பையும் வரிசையில் நிறுத்துகிறது. குறுந்தொகையின் 76-ஆம் பாட்டில் மலைச்சேம்பின் அசையும் இலை யானைக் காதுக்கு ஒப்பாக வருகிறது. இன்று ஆங்கிலத் தோட்டக்காரர்களும் இந்தச் செடியை யானைக்காது என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டு நாட்டுக் கண்களும் ஒன்றையே கண்டிருக்கின்றன. ஆனால் சங்கப் புலவர் இலையைப் பார்த்தார். நாம் கிழங்கை மட்டும் பார்க்கிறோம்.

சேம்பு, சேனை, கருணை எல்லாம் ஒரே குடும்பம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. வீட்டு வரவேற்பறையில் நிற்கும் மணிபிளான்ட், ஆந்தூரியம், கலேடியம் எல்லாம் அதற்குள் அடக்கம். அவற்றில் கிழங்கு வைத்திருப்பவை பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வகை நிலத்துக்கு உரியவை. அங்கே ஆண்டில் சில மாதம் கொட்டித் தீர்க்கும், மற்ற மாதங்களில் காய்ந்து வெடிக்கும். பருவமழை நாடுகளின் இயல்பே அதுதான். அத்தகைய நிலத்தில் மரம் ஆழமாக வேர் விட்டுப் பிழைக்கிறது. புல் விதையாகிப் பிழைக்கிறது. சேனை இன்னொரு வழியைப் பிடித்தது. மழைக்காலத்தில் ஒரே இலையை வேகமாக விரித்து, கிடைத்த வெயிலை எல்லாம் மாவாக்கி மண்ணுக்கடியில் சேர்த்துவிட்டு, இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கிப்போகிறது.

சேனையின் இந்த வரவு செலவைக் கூர்ந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். நாம் தண்டு என்று நினைப்பது தண்டு இல்லை, இலைக்காம்பு. அதன் உச்சியில் மூன்றாகப் பிரிந்து, மேலும் மேலும் பிளந்து, ஒரு சிறிய மரத்தின் கிளைவிரிப்புபோல் தெரிவதெல்லாம் சேர்ந்து ஒரே இலை. அந்த இலையைத் தள்ளுவதற்குக் கிழங்கு தன் சேமிப்பு முழுவதையும் செலவழிக்கிறது. நட்ட கிழங்கு சுருங்கிச் சக்கையாகிவிடும். இலைக்காம்பின் அடியில், பழைய கிழங்கின் தலைமேல், புதுக்கிழங்கு உருவாகும். எனவே தை மாதம் தோண்டி எடுப்பது நாம் புதைத்த கிழங்கு இல்லை. அந்த ஒரு பருவத்தில் அந்த ஓர் இலை சம்பாதித்தது. வேர்களும் கிழங்கின் அடியிலிருந்து கிளம்புவதில்லை, தலைப்பக்கத்தில் முளையைச் சுற்றித்தான் புறப்படும். ஆகவேதான் மேலாக நடாமல் குழி எடுத்து நடுகிறார்கள். பிறகு மண்ணும் அணைக்கிறார்கள்.

காம்பில் உள்ள கரும்பச்சையும் வெளிர்ச் சாம்பலுமான திட்டுகளுக்குக்கூட ஒரு காரணம் சொல்கிறார்கள். மரப்பட்டைமேல் படரும் லைக்கன் திட்டுகளைப்போல் அவை தோன்றுவதால், மெல்லிய காம்பு கெட்டியான அடிமரம்போல் தெரிந்து, மேய வரும் விலங்கை ஏமாற்றுகிறது என்பது சேனை இனங்களை ஆராய்ந்தவர்களின் ஊகம். தோட்டக்காரர்களை மயக்குவதும் அதே திட்டுகள்தாம்.

டெல்டாவின் நாட்காட்டியில் சேனையின் தூக்கம் சரியாகப் பொருந்துகிறது. மேட்டூர் அணை 1934 முதல் இருக்கிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அந்தத் தண்ணீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பியே நடக்கின்றன. மாசி முதல் வைகாசி வரை வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில்தான் சேனை விதைக்கிழங்கு மண்ணுக்குள் போகிறது. கோடை மழையிலோ பம்புசெட் தண்ணீரிலோ முளை கிளம்பி, ஆடி, ஆவணியில் இலை முழுதாக விரிந்து, மார்கழியில் மஞ்சளடித்துச் சாயும். எட்டு, ஒன்பது மாதப் பயிர். நெல் நிற்கும் களிமண் வயல் இதற்கு ஆகாது. தண்ணீர் தேங்கினால் காம்பின் அடி அழுகி, செடி ஒரே நாளில் சாய்ந்துவிடும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் கலந்த படுகைதான் இதற்கு ஏற்ற இடம்.

நடுவதற்கென்று முறையும் இருக்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், 60 சென்டிமீட்டர் நீள அகலமும் 45 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழி எடுத்து, 90 சென்டிமீட்டர் இடைவெளியில், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள துண்டுகளை நடச் சொல்கிறது. ஒவ்வொரு துண்டிலும் நடுமுளையின் ஒரு பகுதி இருக்கவேண்டும். துண்டைச் சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்திவிட்டு நடுவது வழக்கம். வெட்டுவாய் ஆறாமல் நட்டால் அழுகும். விதைக்கிழங்குக்கு ஆகும் செலவுதான் இந்தப் பயிரின் பெரிய சுமை என்பதால், 100 கிராம் துண்டுகளை நெருக்கமாக நட்டு விதைக்கிழங்கு பெருக்கும் முறையையும் அந்த நிலையம் கொண்டுவந்தது. ஆந்திரத்தின் கொவ்வூரிலிருந்து வந்த கஜேந்திரா, ஸ்ரீகாரியத்தின் ஸ்ரீ பத்மா போன்ற ரகங்கள் வந்தபின் சேனை சந்தையில் இன்னும் விரிந்தது. காரணம் எளிது. அவை அரிப்பதில்லை.

அரிப்பு இந்தக் குடும்பத்தின் தற்காப்பு. இலை, காம்பு, கிழங்கு எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்ற பொருள் ஊசி ஊசியாக, கட்டுக்கட்டாக இருக்கிறது. கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் தைக்கும். எல்லாத் தஞ்சாவூர் அடுக்களைகளிலும் இதற்குக் கைவைத்தியம் உண்டு. நல்லெண்ணெய் தடவிய கையோடு தோல் சீவுவார்கள். அரிசி களைந்த தண்ணீரிலோ புளித்தண்ணீரிலோ வேகவைப்பார்கள். புதுக்கிழங்கை விடச் சில வாரம் கிடந்த கிழங்கு குறைவாகக் காறும் என்று வாங்கிப் போட்டு வைப்பார்கள். கருணைக்கிழங்கு மசியலில் புளியும் எலுமிச்சையும் தாராளமாகவே இருக்கும். பொங்கல் கூட்டுக்குழம்பில் பூசணி, அவரை, மொச்சையோடு சேனையும் சேப்பங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் விழுந்தே ஆகவேண்டும். உருளைக்கிழங்குக்கும் கோஸுக்கும் இடம் கொடுக்காத திதிச் சமையலில்கூட இந்தக் கிழங்குகளுக்கு முதல் பந்தி. இந்த மண்ணின் பழைய குடிகள் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

இத்தனை நெருக்கம் இருந்தும் இவற்றைச் செடியாக உட்கார்ந்து பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தாம். அப்படிப் பார்த்தவர்களில் சிலர் கடல் கடந்து வந்தவர்கள். அவர்கள் பார்த்த இடமும் டெல்டாவின் விளிம்பிலேயே இருக்கிறது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. 1768-இல் அங்கே மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர். தரங்கம்பாடியைச் சுற்றியுள்ள செடிகொடிகளை உலர்த்தி, அட்டையில் ஒட்டி, ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார். 1776-இல் வந்த ரோட்லர் அந்த வேலையைத் தொடர்ந்தார். தமிழ் அகராதி தொகுத்தாரே, அதே ரோட்லர்தான். அவருடைய செடித் தொகுப்பு இன்று லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. கோனிக்கின் மாதிரிகள் பல, சுவீடனின் லுண்ட் நகரத்துப் பேராசிரியர் ரெட்சியுஸிடம் போய்ச் சேர்ந்தன. அந்த ரெட்சியுஸ் 1779-இல் பெயரிட்ட செடிகளில் ஒன்று, தென்னிந்தியாவில் வயலோர ஈரத்தில் முளைத்துக் கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் சிறிய சேம்பு இனம். கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்ற பெயரில் அது இன்று உலகமெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கிறது.

தஞ்சையிலேயும் செடிகளைப் படமாக எழுதவைத்த அரசர் ஒருவர் இருந்தார். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ஓவியர்களைக் கொண்டு பறவை, விலங்கு, தாவர ஓவியங்களை வரையச் செய்தார். அந்த ஓவியங்களில் ஒரு தொகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இயற்கையைப் பார்த்துப் பதிவு செய்யும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இந்தக் கிழங்குச் செடிகள் கண்ணாடி வீட்டை விட்டு வெளியே வந்ததற்கும் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. 1830-களில் ஒரு பிரபுவின் செலவில் அரிய செடிகளைத் தேடி இந்தியாவின் வடகிழக்கு மலைகளுக்கு வந்துபோனவர் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரர். பிற்பாடு அவர் லண்டன் பேட்டர்சீ பூங்காவின் பொறுப்பாளர் ஆனார். 1860-களின் நடுவில் அந்தப் பொதுப்பூங்காவில், திறந்த வெளியில், வாழையையும் கல்வாழையையும் சேம்பையும் போன்ற பேரிலைச் செடிகளைக் கூட்டம் கூட்டமாக நட்டு லண்டன்வாசிகளை மலைக்கவைத்தார். மே கடைசியில் வெளியே, அக்டோபரில் உள்ளே. பூவுக்காக மட்டுமே பாத்தி கட்டிக்கொண்டிருந்த நாட்டில் இலைக்காகப் பாத்தி கட்டியது அன்று புதுமை. 1871-இல் வில்லியம் ராபின்சன் இந்த வகைத் தோட்டக்கலைக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்.

பிறகு அந்த மோகம் அடங்கியது. நிலக்கரி, கூலி எல்லாம் விலையேறியபின் இவ்வளவு செடியை உள்ளே தூக்கி வெளியே தூக்க யாருக்கு முடியும்? நூற்றாண்டு கழித்து, 1993-இல், சசெக்ஸ் வட்டாரத்தின் கிரேட் டிக்ஸ்டரில் கிறிஸ்டோபர் லாயிட் தன் பழைய ரோஜாத் தோட்டத்தையே பிடுங்கிவிட்டு, வாழை, கல்வாழை, டாலியா, பேரிலைச் செடிகளைக் கொண்ட தோட்டம் அமைத்தார். ஆங்கிலேயருக்கு ரோஜாத் தோட்டம் என்பது எவ்வளவு புனிதமானது என்று தெரிந்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும். அதன்பின் வீட்டுத் தோட்டங்களுக்கும் அந்த ருசி பரவியது.

அவர்கள் கையாளும் முறை, நம் படுகை விவசாயிக்கு உடனே விளங்கிவிடும். குளிர்காலத்தில் கிழங்கை உலர்வாக, சுமார் 10 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் சேனை போன்ற வெப்பநாட்டு இனங்கள் அழுகத் தொடங்கும். மார்ச்சில் தொட்டியில் வைத்து, அடியிலிருந்து சூடு கொடுத்து, 20 டிகிரிக்கு மேல் வைத்து எழுப்புகிறார்கள். முளை வெளியே தெரியும் வரை தண்ணீர் துளித்துளியாகத்தான். தூக்கத்தில் இருக்கும் கிழங்குக்கு வேர் கிடையாது. கொட்டிய தண்ணீர் அழுகலாகத்தான் மாறும். ஆழமான தொட்டி, கிழங்கின் தலைக்கு மேல் அரைச்சாண் மண், வளரும் இலைக்கு வேண்டிய அளவு உரம். உறைபனி அபாயம் நீங்கிய பிறகு, அதாவது மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ, வெளியே நடுகிறார்கள்.

குளிர்நாட்டுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. ஜூன் மாதத்து நீண்ட நாளில் லண்டனில் 16 மணி நேரத்துக்கு மேல் பகல். தஞ்சாவூரின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம்தான். வெயில் சூடாக இல்லாவிட்டாலும் வெளிச்சம் நெடுநேரம் கிடைப்பதால் இலை நன்றாகவே விரிகிறது. ஆனால் எட்டு மாதப் பருவம் நான்கு மாதமாகச் சுருங்கிவிடுவதால் கிழங்கு பருப்பதில்லை. நட்ட அளவு திரும்பக் கிடைத்தாலே மகிழ்ச்சி. நம்மூரில் இலை என்பது கிழங்கைச் சமைக்கும் அடுப்படி. அங்கே இலைதான் அறுவடை.

இதற்காக விலையுயர்ந்த செடிக் கடைகளுக்குத்தான் போகவேண்டும் என்பதும் இல்லை. லண்டனின் டூட்டிங், ஈஸ்ட்ஹாம் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் சேப்பங்கிழங்கும் சேனையும் எடைக்கு எடை கிடைக்கின்றன. முளை சிதையாத கிழங்கைப் பொறுக்கித் தொட்டியில் வைத்துவிட்டால் கோடைக்குள் இலை. ஆங்கிலத் தோட்டக்காரர்கள் பலர் இந்த வழியைக் கண்டுகொண்டார்கள். ஊரை விட்டுப் போன தமிழ்க் குடும்பங்களுக்கு அது கொல்லையின் ஒரு மூலையைத் திரும்பக் கொடுப்பது.

குளிரில் கிழங்கை எடுத்துக் காப்பது தோட்டப் பொழுதுபோக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். சேனையின் நெருங்கிய உறவான கொன்யாக்கு என்ற செடியை ஜப்பானியர்கள் பயிராகவே செய்கிறார்கள். அந்நாட்டு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குன்மா மாநிலத்தில் விளைகிறது. அங்கே குளிர்காலம் கடுமை. ஆகவே உழவர்கள் வசந்தத்தில் நட்டு, இலையுதிர்காலத்தில் தோண்டி, குளிரில் வீட்டுக்குள் கதகதப்பாக வைத்து, மறுபடி வசந்தத்தில் நடுகிறார்கள். இப்படி இரண்டு, மூன்று ஆண்டு சுற்றினால்தான் கிழங்கு விற்கும் அளவுக்குப் பருக்கும். அதன் மாவைச் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்துக் கட்டியாக்கி உண்கிறார்கள். நம்மவர் புளியைக் கொண்டு அடக்கிய காறலை அவர்கள் சுண்ணாம்பைக் கொண்டு அடக்கினார்கள். சேனை இனங்களில் குளிரை அதிகம் தாங்குபவற்றில் இதுவும் ஒன்று. இங்கிலாந்தின் தென்பகுதியில் மேலே சருகு மூடிவிட்டால் மண்ணிலேயே குளிர்காலத்தைக் கடந்துவிடுகிறது.

தமிழ்நாட்டிலும் உறைபனி விழும் தோட்டம் உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் டிசம்பர், ஜனவரிப் புல்வெளிகள் வெளுத்துப் போகும். அந்த மலைச் சோலைகளில் அரிசீமா என்ற சேம்பு இனங்கள் இயல்பாகவே வளர்கின்றன. நாகப்படம்போல் வளைந்த பூமடல், சக்கரம்போல் விரிந்த இலை. அவற்றில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இருந்து தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிய பிரெஞ்சுக்காரர் லெஷ்னோவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவையும் கிழங்காக உறங்கி, மழையில் எழுகின்றன. இமயமலை, சீன மலைகளின் அரிசீமாக்கள் ஆங்கிலத் தோட்டங்களில் பிரியமான விருந்தாளிகள்.

இந்தக் குடும்பத்தின் பூவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. போதுமான அளவு பருத்த சேனைக்கிழங்கு சில ஆண்டுகளில் இலைக்கு முன் பூவை அனுப்பும். கோடை மழை விழுந்த சில நாளில் தரையைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பு மடல் ஒன்று எழும். நடுவில் மடிப்பு மடிப்பான பெரிய குமிழ். செத்த எலியின் நாற்றம். அந்த நாற்றத்தைப் பரப்புவதற்காகப் பூ தன்னையே சூடாக்கிக்கொள்கிறது. அழுகலைத் தேடும் வண்டும் ஈயும் வந்து மகரந்தம் சேர்த்துவிட்டுப் போகும். கொல்லையில் இது முளைத்தால் அதிசயப் பூ என்று அக்கம்பக்கம் கூடுவதும், செய்தித்தாளில் படம் வருவதும் நம் ஊர்களில் வழக்கம். அந்த அதிசயம் அடுக்களைச் சேனையேதான் என்று அறிந்தால் ஆச்சரியம் கூடவேண்டுமே தவிரக் குறையக்கூடாது.

சேனையின் சுமத்திரா அண்ணன் உலகப் புகழ் பெற்றது. இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்டோ பெக்காரி 1878-இல் அதைக் கண்டார். அவர் அனுப்பிய விதையில் முளைத்த கன்று ஒன்று கியூவுக்குப் போய், 1889-இல் பூத்தது. சுமத்திராவுக்கு வெளியே அதுவே முதல் பூ. 1926-இல் அங்கே மறுபடி பூத்தபோது கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் வரவேண்டியிருந்தது. 2010-இல் எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் அதன் கிழங்கு ஒன்றை நிறுத்தார்கள்: 153.9 கிலோ. வயநாட்டின் பெரியாவில் உள்ள குருகுலத் தாவரவியல் சரணாலயத்திலும் அது பூத்திருக்கிறது. ஆனால் பூ நிற்பது இரண்டு, மூன்று நாள். ஆறு மீட்டர் வரை உயரும் அதன் ஒற்றை இலை மாதக்கணக்கில் நிற்கும். காத்திருந்து பார்க்கத் தகுந்தது எது என்று கேட்டால் இலை என்றுதான் சொல்லவேண்டும்.

சேம்பிலையின் அழகு வேறு விதம். அதில் விழுந்த மழைத்துளி ஒட்டாமல் வெள்ளிக் குண்டாக உருளும். தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அதே வித்தை சேம்புக்கும் தெரியும். இலையின் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகுத் துகள்கள்; துளி அந்த மேடுகளின் முனையில் மட்டும் நின்று, தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டுவிடுகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லாட்டும் நைன்ஹூய்சும் 1997-இல் இந்த விளைவை விளக்கிய புகழ்பெற்ற கட்டுரையில், தாமரையோடு சேம்பிலையையும் ஆராய்ந்தார்கள். தானே அழுக்கு நீக்கும் சுவர்ப் பூச்சுகள் அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்தவை.

சேம்புக்கு ஒரு கொடிய பகையும் உண்டு. இலைக்கருகல் நோய். ஈரமான, குளிர்ந்த இரவுகளில் வட்டவட்டமாகக் கருகி, ஒரு வாரத்தில் இலையே இல்லாமல் போகும். 1993-இல் பசிபிக் தீவான சமோவாவில் அது நுழைந்தது. தீவு முழுவதும் ஏறக்குறைய ஒரே சேம்பு ரகத்தை நட்டிருந்ததால் மக்களின் அன்றாடச் சோறும் ஏற்றுமதி வருமானமும் ஒருசேர விழுந்தன. நாட்டு ரகங்களைப் பலவாக வைத்திருப்பது ஏன் உயிர்ப்பிரச்சினை என்பதற்கு நெல்லை விட்டால் இதுவே கண்கூடான சாட்சி. வெளியூர் ரகங்களோடு கலப்புச் செய்து நோய் தாங்கும் சேம்புகளை உருவாக்கித்தான் சமோவா மீண்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் சோ என்ற தாவர நோயியல் அறிஞர் செய்த சேம்புக் கலப்புகளிலிருந்து கறுத்த இலை, வெள்ளி நரம்பு, ஊதாக் காம்பு என்று விதவிதமான அழகுச் செடிகளும் பிறந்தன. இன்று குளிர்நாட்டுத் தோட்டங்களில் நிற்கும் கருஞ்சேம்புகளில் பல அவர் கைப்பட்டவை.

தஞ்சாவூர், கும்பகோணம் நர்சரிகளில் இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆந்திரத்தின் கடியம் போன்ற இடங்களிலிருந்து கலேடியமும் அலொகேசியாவும் அக்லோனிமாவும் வந்து இறங்குகின்றன. அமெரிக்கக் காட்டிலிருந்து போன கலேடியத்தை 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஆல்பிரெட் பிளூ போன்றவர்கள் கலப்புச் செய்து வண்ணம் ஏற்றினார்கள். அதை நாம் விலை கொடுத்து வாங்கி, வெயில் காலத்தில் இலை உதிர்ந்ததும் செத்துவிட்டது என்று தொட்டியோடு தூக்கி எறிகிறோம். அது தூங்குகிறது. தண்ணீரை நிறுத்தி, தொட்டியை நிழலில் ஒதுக்கி வைத்தால் மழைக்கு மறுபடி எழும். சேனையை ஆண்டாண்டாய் அறிந்த ஊரில் இந்த ஒரு செய்தி தெரியாமல் எத்தனை கலேடியம் குப்பைக்குப் போகிறதோ! இந்தச் செடிகளின் இலையும் வாயில் பட்டால் ஊசியாய்க் குத்தும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

நர்சரிக்குப் போகாமலே சேனையைத் தொட்டியில் வைக்கலாம். பொங்கலுக்குச் சந்தையில் குவியும் கிழங்குகளில் நடுமுளை குழிந்து உயிர்ப்போடு இருக்கும் ஒன்றைப் பார்த்து வாங்கவேண்டும். ஒரு கிலோவுக்குக் குறையாததாக இருந்தால் இலை நெஞ்சுயரம் வரும். மாசி வரை காற்றோட்டமான தரையில் சும்மா போட்டு வைக்கலாம். பிறகு வாளி ஆழமுள்ள தொட்டியில், ஒரு பங்கு படுகை மணல், ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து, கிழங்குக்கு மேல் அரைச்சாண் மண் இருக்கும்படி புதைத்து, முளை தெரியும் வரை ஈரம் காட்டினால் போதும். உச்சி வெயில் நேராக விழாத திண்ணை ஓரமோ முற்றமோ உகந்தது. ஆடிப்பெருக்குக்குள் இலை முழுதாக விரிந்திருக்கும். மார்கழியில் மஞ்சளாகும்போது பதறித் தண்ணீர் ஊற்றாமல், காம்பு தானாகச் சாயும்வரை விட்டுத் தையில் தோண்டினால் கூட்டுக்குழம்புக்குக் கிழங்கு ஆயிற்று. முளை இருக்கும் நடுத்துண்டை மட்டும் அரிவாள்மணைக்குக் கொடுக்காமல், வெட்டுவாயில் சாம்பல் தடவி மாசிக்கு எடுத்து வைக்கவேண்டும்.